பத்து நாள் ஊசி

விடியக்காலம் நாலே முக்கால் மணி, நூத்திப் பன்னெண்டு பேரு, அதுல அம்பத்தொண்ணாவது பேரு செல்லாயி. எங்க தோட்டத்துப் பிரட்டுல இருபத்திரண்டு வருசம் அப்படித்தான் கூப்புட்டாங்க. கணக்கு எழுதுற கிராணி பேரச் சொல்லுவாரு, அவ இருக்கேன்னுவா, ஒடனே அடுத்த பேரு. ஆமா, நீயும் தோட்டத்து ஆளுதானே, பிரட்டுன்னா என்னன்னு ஒனக்குச் சொல்லணுமா. சுங்காய் தோட்டமா? அங்கயும் அதே மணி, அதே இருட்டுத்தான் லா.

உக்காரு தம்பி. டிரெஸ்ஸர் ஆசுபத்திரிக்குள்ள நோயாளிங்களப் பாத்து ரவுண்டு சுத்துறாரு. வெளிய வர ஒம்போது ஆவும். அவருகிட்டதானே பேசணும்னு நிக்கிற? நேத்து நீ வாசல்ல அவரு கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டப்ப நான் இந்த மரத்தடியிலதான் எல கூட்டிக்கிட்டிருந்தேன். ஒன் சம்சாரத்துக்கு ஊசி எட்டு நாளுன்னாங்க, அத மூணு நாலாக் கொறைக்க முடியாதான்னு கேட்ட. அவரு நாளைக்கு வா, டாக்டரக் கேட்டுச் சொல்றேன்னாரு. காதுல விழுந்துச்சு. இல்லாட்டி எல கூட்டுற ஆளுக்கு ஒன்கிட்ட என்ன வேல.

பேரு என்ன சொன்ன, சின்னையாவா. ஒன் சம்சாரம்? பாப்பா. புண்ணு நாக்குலயா? ஓரத்துலயா, உள்ளயா? ஓரம்னா டாக்டருக்குக் கை எட்டும்னு சொல்லுவாங்க, அது நல்லதுதான். நான் வைத்தியன் இல்ல. மூணு வருசமா இந்தக் காம்பவுண்டுல எல கூட்டுறேன். கேட்டதச் சொல்றேன், பாத்ததச் சொல்றேன்.

செல்லாயி என் சம்சாரம். நான் அப்ப கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுக்குத் தண்டல். நம்பலயா? இந்தக் கையப் பாரு, உளி புடிச்ச காய்ப்பு இன்னும் போவல. வெட்டுக்காரனா இருந்து தண்டலா ஆனவன் நான். என் வேல என்னான்னா, நெர நெரயாப் போயி மரத்துல காயம் பட்டிருக்கான்னு பாக்குறது. பட்டைய மெலிசாச் சீவுனா பால் வரும், மரமும் புதுப்பட்டை போட்டுக்கும். ஆழமா எறங்கி உள்மரத்துல உளி பட்டுச்சுன்னா அந்த எடம் முடிச்சு முடிச்சாப் போயிரும், அப்புறம் அங்க பட்டையே கட்டாது. காயம் பட்ட மரத்துல நான் சுண்ணாம்பால ஒரு கோடு போடுவேன். வெட்டுன ஆளு மறுநாள் பிரட்டுல எல்லாருக்கும் முன்னாடி நின்னு என்கிட்ட ஏச்சு வாங்கணும். எத்தன பேர அப்படி நிறுத்தியிருக்கேன் தெரியுமா. செல்லாயியக் கூட ஒரு தரம் நிறுத்துனேன். பொண்டாட்டின்னு பாக்கல பாரு தண்டலுன்னு அன்னைக்குச் சனங்க மெச்சிக்கிச்சுங்க. அவ ரெண்டு நாள் எனக்குச் சோறு போட்டா, பேச்சுப் போடல.

வெத்தலதான் காரணம்னு டாக்டர் சொன்னாரு. போயிலை ஒரு துண்ட எடது கன்னத்துல ஒதுக்கி வச்சுக்குவா. நெரயில நிக்கிறப்பக் கொசுவுக்கும் பசிக்கும் அதுதானே தொண. பாப்பாவும் போடுமா? போடாத ஆளு யாரு. மொதல்ல கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒரு தழும்பு. அப்புறம் புண்ணு. அப்புறம் வாய் தெறக்க முடியல. கடசியில ஒரு வெரலு நொழையிற அளவுதான் தெறக்கும். கஞ்சித் தண்ணிதான் சாப்பாடு. பேச்சும் கொறஞ்சு போச்சு, முக்காவாசி கையாலயே காட்டுவா.

இங்க கொண்டாந்தது இருபத்தாறாம் வருசம், சித்திர மாசம் பொறந்த கையோட. அப்ப இருந்த பெரிய டாக்டர் வெள்ளக்காரரு, நரச்ச மீச. டிரெஸ்ஸர் இதே ஆம்புரோஸ்தான். அவருதான் டாக்டர் பேசுறதத் தமிழ்ல எனக்குச் சொல்லுவாரு. ரேடியம்னு ஒண்ணு இருக்கு, ஊசிக்குள்ள அடைச்சு ஈயப் பொட்டியில வச்சிருக்கோம், அதுலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும், அந்த ஊசிகளப் புண்ணச் சுத்திக் குத்தி வச்சுத் தைச்சிட்டாக் கெட்ட சத செத்துப் போவும்னாரு. எத்தன நாளைக்குன்னு கேட்டேன். பத்து நாளுன்னாரு.

ஏன் அத்தன நாளு, பலமான ஊசி இல்லையான்னு நான் கேட்டேன். நீ நேத்துக் கேட்ட அதே கேள்விதான்.

டாக்டர் சிரிக்கல, கோவப்படல. பக்கத்துல இருந்த நாக்காலியில உக்காந்து ஆம்புரோஸ வச்சு வெளக்குனாரு. பலமான குழாயும் பொட்டியில இருக்கு. அத வச்சா மூணு நாளுல அதே அளவு வெளிச்சம் உள்ள போயிரும். அளவு ஒண்ணுதான், வேகந்தான் வேற. ஆனா கெட்ட சதைக்கு ஒரு கொணம் இருக்கு, அது ஓயாமப் பெருகிக்கிட்டே இருக்கும். பெருகுற நேரத்துல வெளிச்சம் பட்டாத்தான் அது நல்லாச் சாவும். எல்லாமும் ஒரே நாளுல பெருகாது, இன்னைக்கு ஒண்ணு, நாளான்னைக்கு ஒண்ணு. அதுனால மெல்ல எரியிற வெளக்கப் பத்து நாளைக்கு உள்ள வச்சு, ஒண்ணொண்ணா மாட்ட மாட்டப் புடிக்கணும். நல்ல சதையும் கூடவே அடி வாங்கும். ஆனா அதுக்குத் தன்னைத்தானே செப்பனிட்டுக்கத் தெரியும். மெல்ல மெல்ல அடிச்சா, வாங்குன அடிய அப்பப்ப ஆத்திக்கும். மொத்தத்தையும் மூணு நாளுல எறக்குனா ஆத்திக்க நேரம் ஏது? கெட்டதோட நல்லதும் போயிரும்.

இத ஆம்புரோஸ் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்குப் புரிஞ்சு போச்சு. நான்தான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அய்யா, பால் மரம் மாதிரிதானே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெலிசாச் சீவுனா மரம் தாங்கும், மொத்தப் பட்டையையும் ஒரே நாளுல உரிச்சா மரம் பட்டுப் போவும், அதானேன்னேன். ஆம்புரோஸ் அத இங்கிலீசுல சொன்னதும் டாக்டர் என் தோளத் தட்டுனாரு. இந்த ஆளுக்கு என்னைய விட நல்லாத் தெரியுதுன்னாராம்.

அதத்தான் ஒனக்குச் சொல்ல வாரேன் தம்பி. எனக்குத் தெரியாமப் போவல.

புதங்கிழமை சேத்தோம். வெள்ளிக்கிழமை ஊசி வைக்கிறதாப் பேச்சு. பெரிய டாக்டருக்குச் சீமைக்குப் போற லீவு வந்துருச்சு, வியாழக்கிழமை ரயிலேறிட்டாரு. போறப்பவே எழுதி வச்சுட்டுத்தான் போனாரு, பத்து நாள், மெலிசான ஊசின்னு. அவரு எடத்துல சின்ன டாக்டர் ஒருத்தரு. நல்ல மனுசன், வயசு கம்மி.

செல்லாயிக்கு இந்த எடம் புடிச்சுப் போச்சு. சிரிக்காத, நெசந்தான். பொம்பளைங்க வார்டுல சன்னலோரக் கட்டிலு. மொத நாளு ராத்திரி நான் வெராந்தாவுல படுத்துட்டுக் காலையில போயிப் பாத்தா, வெயிலு கட்டில் மேல விழுந்திருக்கு, அவ அப்பத்தான் கண்ண முழிக்கிறா. பக்கத்துல கூப்புட்டு, அந்தத் தெறக்காத வாயால, இருபத்திரண்டு வருசத்துல விடிஞ்சப்புறம் நான் கண்ணு முழிச்சது இன்னைக்குத்தான்னா. அவ்வளவுதான் சொன்னா. வலியப் பத்திச் சொல்லல. பிரட்டு மணி இல்ல, பால் புடிக்கிற மங்கு கழுவுற வேல இல்ல, கங்குல ஊதி நெருப்பு மூட்ட வேணாம். பத்து நாளுன்னு ஆம்புரோஸ் சொன்னப்ப அவ மூஞ்சியப் பாக்கணுமே. திருவிழாவுக்குக் கெளம்புற புள்ள மாதிரி.

திருவிழாதான் நடுவுல வந்துச்சு.

எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல சித்திரையில தீமிதி. ஒங்க தோட்டத்துலயும் உண்டா? அப்ப காப்புக் கட்டுறது தெரியும் ஒனக்கு. காப்புக் கட்டுன அன்னையிலேர்ந்து தீமிதி முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டி யாரும் ராத்தங்கக் கூடாது. கரகம் எடுக்குறவன் வீட்டுல கேக்கவே வேணாம், அவன் பொஞ்சாதி எல்லைக்கு வெளிய ஒரு ராத்திரி படுத்தாலும் அவனுக்குக் காப்பு இல்ல. நாலு வருசமா பத்துமலைன்னு ஒருத்தன்தான் கரகம் எடுத்தான். கீழ் லயத்து ஆளு. எனக்கும் அவனுக்கும் ஆவாது. அந்த வருசம்தான் கூட்டம் போட்டுப் பேசி, சன்னாசித் தண்டலு எடுக்கட்டும்னு என் பேரச் சொல்லி முடிவாச்சு. என் அப்பன் கப்பலேறி வந்த காலத்துலேர்ந்து எங்க வீட்டுல யாரும் எடுத்ததில்ல.

காப்பு எப்பன்னு கேக்குறியா. திங்கக்கிழமை. நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். வெள்ளிக்கிழமை காலையில ஊசி வச்சா, மூணு நாளுன்னாத் திங்கக்கிழமை காலையில எடுத்துருவாங்க. மாட்டு வண்டி புடிச்சாச் சாயங்காலத்துக்குள்ள தோட்டம். பத்து நாளுன்னா, தீமிதி முடிஞ்ச மறுநாள்தான் அவ இங்கேர்ந்து கெளம்புவா.

வியாழக்கிழமை ரயில் போன சத்தம் கேட்டதும் நான் ஆம்புரோஸப் போயிப் புடிச்சேன். சின்ன டாக்டருகிட்டச் சொல்லுங்க, பலமான குழாயையே வச்சிரச் சொல்லுங்கன்னேன். ஆம்புரோஸ் வேதக்காரரு, வாயி சும்மா இருக்காது. ஏன் சன்னாசி, ஒன் அம்மன் பத்து நாளு காத்திருக்க மாட்டாளா, எங்க மாதா ரொம்பப் பொறுமக்காரின்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. நானும் ஏதோ சொன்னேன். அப்புறம் அவரே எறங்கி வந்து, சரி, கேக்குறேன்னாரு.

சின்ன டாக்டர் ரொம்ப நேரம் யோசிச்சாரு. புத்தகத்த எடுத்துப் பாத்தாரு. சில ஊர்ல மூணு நாளுலயும் வைக்கிறாங்க, ஆனா கன்னத்துக்கு அது நல்லதில்ல, நான் அத விரும்பலன்னாரு. நான் கையெடுத்துக் கும்புட்டேன். பத்து நாளு அவ இங்க இருக்க மாட்டா அய்யா, பாதியில எந்திரிச்சு ஓடியே போயிருவான்னேன். ஊசியோட ஓடுனா இன்னும் மோசம்னு அவருக்குப் பயம் வந்துருச்சு. அப்படின்னா நோயாளி சம்மதம் வேணும்னு சொல்லிட்டாரு. மூணா பத்தான்னு அந்தப் பொம்பளையே சொல்லட்டும்னாரு. அதச் சொல்லிட்டு இன்னொரு ஆளப் பாக்கப் போயிட்டாரு.

வச்சாங்க தம்பி. மூணு நாளு. திங்கக்கிழமை காலையில எடுத்தாங்க, சாயங்காலம் எனக்குக் காப்புக் கட்டுனாங்க. கரகம் எடுத்தேன், தீ மிதிச்சேன், கால்ல ஒரு கொப்புளம் இல்ல. செல்லாயிக்குக் கோயில் பக்கத்துல பாய் விரிச்சுப் போட்டிருந்தாங்க. கன்னம் வீங்கியிருந்துச்சு. என்னையப் பாத்துக்கிட்டேதான் இருந்தா.

ஒரு மாசத்துல புண்ணு காஞ்சு போச்சு. நம்புவியா? வாய் ரெண்டு வெரலு அளவு தெறந்துச்சு. சோத்தக் கொழைய வடிச்சுச் சாப்புட்டா. தோட்டமே அம்மன் காப்பாத்திட்டான்னு பேசிச்சு. பத்துமலை கூட வந்து பாத்துட்டு, தண்டலுக்கு அம்மன் எரங்கிட்டான்னான். நான் ஒரு வேலய முடிச்ச ஆளு மாதிரி மார நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். அவளும் பிரட்டுக்குப் போவ ஆரம்பிச்சா. அம்பத்தொண்ணாவது பேரு.

ஆடி மாசத்துல கன்னத்துக்கு வெளிப்பக்கம் ஒரு கருப்பு வந்துச்சு. ஒரு காசு அகலம். நான் எதோ சூடு பட்டதுன்னு நெனச்சேன். அது பெருசாச்சு. ஒரு நாளு கஞ்சி குடிக்கிறப்பக் கன்னத்து வழியாவே கஞ்சி வெளிய வந்துச்சு தம்பி. அவ கையால அத மூடிக்கிட்டு என்னையப் பாத்தா. உள்ளுக்குள்ள தாட எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. நான் காயம் பட்ட மரம் ஆயிரம் பாத்தவன். என்னன்னு யாரும் எனக்குச் சொல்ல வேணாம்.

மறுபடி இங்கயேதான் கொண்டாந்தேன். பெரிய டாக்டர் லீவு முடிஞ்சு ஆவணியிலதான் திரும்பி வந்தாரு. ஒரு மணி நேரம் பாத்தாரு. கண்ணாடி வச்சுப் பாத்தாரு, ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பாத்தாரு. ஆம்புரோஸ் எனக்குச் சொல்றப்ப என் மூஞ்சியப் பாக்கல. வியாதி இல்ல சன்னாசி, ஒரு பொட்டுக் கூட இல்ல, சுத்தமாப் போயிருச்சு. இப்ப அழுகுறது நல்ல சத. அதுக்கு ஆத்திக்க நேரம் கெடைக்கலன்னாரு.

அவ வியாதி குணமான பொம்பள. அதத்தான் யாருகிட்டயும் சொல்லிப் புரிய வைக்க முடியல. எந்த வியாதின்னு கேட்டா நான் என்ன சொல்றது.

சின்ன டாக்டர ஏசாத. பெரிய டாக்டர் அவர ரூமுக்குள்ள கூப்புட்டுக் கதவச் சாத்துனாரு. வெளிய வந்தப்ப அந்த மனுசன் வெள்ளச் சட்டையக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. நோயாளியக் கேட்டுத்தான் செஞ்சேன்னு ஆம்புரோஸ்கிட்டச் சொன்னாரு. ஆம்புரோஸும் ஆமான்னாரு. அது நெசந்தான், அவுங்க கேட்டாங்க. தப்பு அங்க இல்ல.

காப்பு என்னாச்சா? அடுத்த வருசம் பத்துமலைக்கே கட்டுனாங்க. மழை நேரத்துக்குப் பேஞ்சுச்சு. தோட்டத்துல யாருக்கும் ஒரு கொறையும் வரல. யாரு கட்டுனா என்னா.

ஒன் கத வேற, எனக்குத் தெரியும். ஒனக்குக் கரகமா காப்பா, ஒண்ணும் இல்ல. ரெண்டு வயசுப் புள்ள, ஆயா பாத்துக்குற கொட்டாயில அழுவுதுன்னு நேத்துச் சொன்ன. அது நல்ல காரணம். என்னுதுக்கு முன்னாடி வச்சா ஒன்னுது எவ்வளவோ மேலு. புள்ளையத் தூக்கிட்டு வா, ஞாயித்துக்கிழமை அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு காட்டு. உள்ள விட மாட்டாங்க, ஊசி இருக்குற வரைக்கும் சின்னப் புள்ளைங்க கிட்டப் போவக் கூடாது. சன்னலுக்கு நேரா நிறுத்துனாத் தெரியும். நான் எடம் காட்டுறேன்.

பாப்பாகிட்டக் கேட்டியா நீ? இல்ல, அது என்ன சொல்லுச்சுன்னு கேக்குறேன். மூணு நாளுல வந்துடுறேன்னு அதுவாச் சொல்லுச்சா, இல்ல நீயாச் சொல்றியா?

அதான் பாத்தேன்.

சின்ன டாக்டர் கேட்டுட்டு வரச் சொன்னாருன்னேன்ல. ஆம்புரோஸ் பொம்பளைங்க வார்டுக்குள்ள வரல, நர்சம்மா குளிப்பாட்டி விட்டுக்கிட்டிருந்தாங்க, எல்லாக் கட்டிலுக்கும் தெர போட்டிருந்துச்சு. நீ புருசன்தானே, நீயே போயிக் கேட்டுச் சொல்லுன்னு வாசல்லயே நின்னுட்டாரு. நான் தெரைய விலக்கிட்டுப் போனேன். மூணு நாளு வைத்தியமும் இருக்காம், பத்து நாளு வைத்தியமும் இருக்காம், ஒனக்கு எதுன்னு கேட்டேன். நெசமாவே கேட்டேன், கேக்காம இல்ல. அவ போர்வைக்குள்ளேர்ந்து ரெண்டு கையையும் எடுத்து, பத்து வெரலையும் விரிச்சுக் காட்டுனா. சிரிச்சா. அந்த வாயால சிரிக்கிறது வலிக்கும், இருந்தாலும் சிரிச்சா. நான் அந்த ரெண்டு கையையும் புடிச்சுத் திரும்பப் போர்வைக்குள்ள வச்சுட்டு, வெளிய வந்து ஆம்புரோஸ்கிட்ட மூணுன்னேன்.

அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அந்தா வர்றாரு, எந்திரி. இல்ல, என்னையப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம், ஒன் வேலயப் பாரு. செல்லாயி போனது இங்கயேதான், அதே சன்னலோரக் கட்டில்ல, இருபத்தாறாம் வருசம் அக்டோபர் ஒம்போதாந் தேதி, சனிக்கிழமை, காலையில ஏழு மணிக்கு, விடிஞ்சப்புறம்.